பட்டுக்கடைக்கு ஒரு டேக்

போன வாரம் நம் கிடங்குக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்கள் இருவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு கடைக்கு, சரக்கில் மாட்டும் டேக் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று. "எவ்வளவு தூரத்திலேருந்து மெஷின் அதைப் படிக்கணும்னு பாப்பேன் சார்" என்றார் ஒருவர். "எது மேல ஒட்டப் போறோம், தண்ணி பாட்டிலா, இரும்பா, துணியான்னு பாப்பேன்" என்றார் இன்னொருவர். இரண்டுமே சரி. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தல் ஆரம்பித்தது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறதே, அதைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று. எனக்கு எதையாவது சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அலைவரிசை, ஆண்டெனா எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மூன்றாவது கேள்வி எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் இல்லை. அதை எனக்குக் காட்டியவர் நம் தொழிலைச் சேர்ந்தவரும் இல்லை. தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு மேனேஜராக இருந்த பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள். நான் வேலை பார்த்த கம்பெனி மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு மாடியில் இருந்தது. நூல் கோத்த விலைச் சீட்டுகள் அடித்துக்கொண்டிருந்தோம். பிறகு பார்கோடு ஸ்டிக்கர். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பாஸ் சிங்கப்பூர் போய் ஒரு பெட்டி நிறைய ரேடியோ டேக் கொண்டுவந்தார். இன்று நீங்கள் விற்கும் ஆர்.எஃப்.ஐ.டி லேபிள் தன் பேர், ஊர், எந்தப் பெட்டியில் வந்தது என்பது வரை சொல்லிவிடும். அன்று வந்தது அதற்கு மூத்த பிள்ளை. "நான் இங்கே இருக்கிறேன்" என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். கடை வாசலில் இரண்டு பக்கமும் கம்பம் நிற்கும். டேக் கழற்றாத சரக்கு அதற்கு நடுவே போனால் கம்பம் கத்தும். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அதுவே எங்களுக்கு மாயாஜாலம்.

அந்தப் பட்டுக்கடைதான் எங்களுக்குக் கிடைக்கவிருந்த முதல் பெரிய வாடிக்கை. கூட்ட நாட்களில் அங்கே புடவைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அதனால் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விற்பனைப் பெண்கள் கடையை விட்டு வெளியே போகும்போதெல்லாம் பின்பக்க மாடிப்படிக்குக் கீழே, திரை கட்டிய ஒரு மூலையில் வரிசையாக நிற்க வேண்டும். பையைக் கவிழ்க்க வேண்டும். டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். கையைத் தூக்கி நிற்க வேண்டும். காவலுக்கு இருந்த அம்மாள் தடவிப் பார்த்து அனுப்புவார். வெளியே போனால்தானே இந்தக் கண்றாவி என்று, மத்தியானத்தில் ஒரு பெண்ணும் வெளியே போவதில்லை. எல்லாரும் கீழ்த்தளத்தில் காற்றில்லாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான் முதல் முறை சாம்பிள் பெட்டியோடு போனபோது பின்வழியாகத்தான் அனுப்பினார்கள். என் பெட்டியையும் திறக்கச் சொன்னார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. எடுக்காத ஒன்று உள்ளே இருந்துவிடுமோ என்று ஒரு பயம். பக்கத்து வரிசையில் சைதாப்பேட்டைப் பெண் ஒருத்தி, செல்வி என்று பேர், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார், ஒரு வாட்டிக்கே இப்டி வேர்க்குது? நாங்க டெய்லி நிக்கிறோம்."

"வாய மூடிக்கினு நில்லுடி" என்றார் காவலம்மாள். ஆனால் அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

வரிசையில் முதல் ஆளாகத் தன் கைப்பையைத் திறந்து வைத்தவர்தான் அந்த மேனேஜர். மேனேஜருக்குச் சோதனை கிடையாது. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. ஆனாலும் தினமும் அவர்தான் முதலில் நிற்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கவுண்டரில் துணி மடிக்கச் சேர்ந்து மேலே வந்தவர். கடை முதலாளியிடம் பல தடவை கேட்டுக் கேட்டு ஒரு வார்த்தை வாங்கி வைத்திருந்தார். வாசலில் வைக்கும் மெஷின் வேலை செய்தால் சோதனை நிறுத்தப்படும். வேலை செய்யாவிட்டால் சோதனை இருக்கும், அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

ஆகவே அவருக்கு எங்கள் டேக் வெறும் சரக்கு இல்லை.

மூன்று விதமான டேக் கொண்டுபோயிருந்தேன். முதலாவது ஊசி வைத்த பிளாஸ்டிக் டேக். வெளிநாட்டில் சட்டைக்கும் கால்சட்டைக்கும் அதைத்தான் குத்துகிறார்கள் என்று படம் போட்ட புத்தகத்தைக் காட்டினேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. டேக்கை எடுத்துத் தான் கட்டியிருந்த பட்டுப்புடவையின் முந்தானையிலேயே குத்தினார். கழற்றினார். துணியை வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் காட்டினார். கடுகளவு ஓட்டை.

"கல்யாணப் பொண்ணோட அம்மா முதல்ல இதைத்தான் பாப்பாங்க. டேக் குத்தின ஓட்டைன்னு சொன்னா நம்புவாங்களா? யாரோ கட்டிப் பாத்துத் திருப்பிக் குடுத்த புடவைன்னுதான் சொல்வாங்க. எழுந்து போயிடுவாங்க."

"உங்க புடவை மேடம்..." என்றேன்.

"போகட்டும். கடைப் புடவையில குத்தினா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டாவது ஸ்டிக்கர். அதை ஒரு ரவிக்கைத் துணியில் ஒட்டி, ஷோகேஸ் விளக்குக்குக் கீழே சில நாள் போட்டு வைத்தார். மறுமுறை நான் போனபோது துணியை எடுத்து வந்து மேஜையில் போட்டார். பசை உருகித் துணியில் எண்ணெய் போல இறங்கியிருந்தது.

"லேபிள்காரரே, உங்க லேபிள் உரிஞ்சு வந்துடுச்சு. பசை மட்டும் குடியிருந்த இடத்தைக் காலி பண்ண மாட்டேங்குது."

மூன்றாவது, ரேடியோ வில்லையை உள்ளே வைத்து ஒட்டிய அட்டை. அதை எங்கே மாட்டுவது? இருவரும் ஒரு புடவையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். புதுப் பட்டுப்புடவையின் முந்தானை ஓரத்தில் நெய்யாமல் விட்ட நூல் தொங்கும். வாங்கிய பிறகு அதில்தான் குஞ்சம் கட்டிக்கொள்வார்கள். அவர் அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே சும்மா பேசிக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தினார். "இங்க கட்டுங்க." ஓட்டை இல்லை, பசை இல்லை. துணியிலிருந்து தள்ளியும் தொங்கும். பில் போடும் இடத்தில் கத்தரிக்கோலால் நூலை வெட்டி அட்டையை எடுத்துக்கொள்ளலாம். நூல் கோத்த சீட்டில்தானே என் பிழைப்பே ஓடியது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல ஆசைதான். முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று புரண்டுகொண்டிருந்தேன்.

முதலாளி வந்து பார்ப்பதாகச் சொன்ன நாள் காலையில், கடை திறப்பதற்கு முன்பே கம்பங்களை நிறுத்தி மின்சாரம் கொடுத்துவிட்டோம். எங்கள் பாஸும் வந்திருந்தார். பெண்கள் ஆளுக்கொரு புடவையைத் தூக்கிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே போனார்கள், வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது கத்தியது. அது கத்தக் கத்த அவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா, இது எங்க மாமியா மாதிரியே கத்துது!" என்றாள் செல்வி.

மேனேஜர் சிரிக்கவில்லை. "மேல போய் முகூர்த்தப் புடவை ஒண்ணு கொண்டா. இருக்கறதிலேயே கனமானது."

வந்தது. உடம்பு முழுக்க வெள்ளி ஜரிகை இழையோடிய அரக்குச் சிவப்பு. டேக்கைக் கட்டி, மடித்து, பையில் போட்டுக்கொண்டு அவரே நடந்தார். கம்பம் வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் நடந்தார். சத்தம் இல்லை. பையை உயர்த்தி, தாழ்த்தி, சாய்த்து நடந்தார். ஒரு தடவை லேசாக முனகியது. பிறகு அதுவும் இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஜரிகை உலோகம். மடிப்புக்குள் அட்டை அதன்மேல் சாய்ந்துவிட்டால் டேக் ஊமையாகிவிடும். சிங்கப்பூர்ப் புத்தகத்தில் ஜரிகை கிடையாது. எங்கள் ஆபீஸில் சோதித்ததெல்லாம் பருத்தியும் மெல்லிய பட்டும்தான்.

பாஸ் கிட்டே வந்து குரலைத் தணித்தார். "இதைப் பெரிசு பண்ண வேண்டாம். அந்தப் புடவையை உள்ளே வெச்சுடுங்கோ. மத்ததெல்லாம் நன்னாக் கத்தறதோன்னோ? அதைக் காட்டினாப் போறும். ஆர்டர் வந்தப்பறம் இதைப் பாத்துக்கலாம்."

எனக்கும் உள்ளுக்குள் அதுதான் சரி என்று பட்டது. அந்தப் பெண்களுக்காகவே அதுதான் சரி என்று பட்டது. முதலாளி பார்ப்பார், மெஷின் கத்தும், சோதனை நின்றுவிடும். எல்லாருக்கும் நல்லதுதானே? மேனேஜரும் அதைத்தான் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் புடவையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"சார், இதைத்தான் முதல்ல காட்டணும்."

"என்னம்மா இது! மிஷின் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதானே?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன். இன்னிக்கு மறைச்சுட்டோம்னு வைங்க. என்னிக்காவது இந்த மாதிரி ஒரு புடவை வெளிய போகும். மெஷின் கத்தாது. ஐயா என்ன நினைப்பாரு? மெஷின் நல்ல மெஷின், எல்லாத்துக்கும் கத்துமே, அப்ப யாரோ உள்ளாளு டேக்கை வெட்டிக் குடுத்திருக்கான்னு நினைப்பாரு. முதல்ல யாரைப் பிடிப்பாரு?" அவர் தலையைத் திருப்பாமலே பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். "உங்க டேக் தப்பு பண்ணா உங்களுக்கு ஒரு ஆர்டர் போகும். இவங்களுக்குப் பேர் போகும். அதுக்கு அந்தத் திரையே தேவலை."

இதுதான் நான் சொல்லாமல் விட்ட மூன்றாவது கேள்வி. இந்த டேக் தவறப்போகும் நாளில் பழி யார் தலையில் விழும்? எந்த டேக்கும் என்றாவது ஒரு நாள் தவறும். மருத்துவமனையானாலும் கிடங்கானாலும் நூலகமானாலும், அந்த இடத்தில் நிற்கும் ஆளைப் பார்த்துவிட்டு அப்புறம் டேக்கைத் தேர்ந்தெடுங்கள். தூரமும் விலையும் அதற்குப் பிறகு.

முதலாளி வந்தார். கெட்டவர் இல்லை. சரக்கு போய்ப் போய்ச் சூடு பட்டவர், அவ்வளவுதான். மேனேஜர் வணக்கம் சொல்லிவிட்டு, முதல் காரியமாக அந்த அரக்குப் புடவையோடு நடந்து காட்டினார். கம்பம் கம்மென்று நின்றது.

"என்னம்மா, ரிப்பேரா?"

"இல்லைங்கய்யா. கன ஜரிகைக்கு இது கத்தாது. மத்ததுக்குக் கத்தும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "விக்க வந்த ஆளு நீங்க, பேசாம நிக்கறீங்க. வாங்கச் சொன்ன இந்தம்மா ஓட்டையைக் காட்டுது. நீங்க சொல்லுங்க. பிடிக்குமா, பிடிக்காதா?"

பாஸ் இருமினார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வேலை போனால் என்ன செய்வது, எட்டாவது படித்தவனுக்கு யார் வேலை தருவார்கள் என்றெல்லாம் ஓடியது. ஆனால் கடையின் சொந்த மேனேஜர் அங்கே நிற்கும்போது என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. "கன ஜரிகைன்னா பிடிக்காதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"அப்புறம் எதுக்கு இந்தத் தெண்டம்?"

மேனேஜர் பேசினார். முகூர்த்தப் புடவைகள் மேல் மாடியில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, அதை எடுத்துக் காட்டுவது பழைய விற்பனையாளர்கள், ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆள் கூடவே உட்கார்ந்திருப்பார், அங்கிருந்து ஒன்றும் காணாமல் போனதில்லை. போவதெல்லாம் கீழே, கூட்டத்தில், குவித்துப் போட்ட மெல்லிய புடவைகள். அவற்றுக்குக் கம்பம் கத்துகிறது. மேலே டேக்கே வேண்டாம். கீழே மட்டும் போதும்.

முதலாளி கம்பத்தைத் தட்டிப் பார்த்தார். "சரி, ஆடித் தள்ளுபடிக்கு வெச்சுப் பாக்கலாம். ஆனா செக்கிங்கும் இருக்கட்டும். ரெண்டும் இருந்தா நல்லதுதானே?"

மேனேஜர் ஓரடி முன்னால் வந்தார்.

"ரெண்டும் இருந்தா, பிடிச்சது மெஷினா செக்கிங்கான்னு உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்? ஆடி முடிஞ்சதும் திரும்பவும் இதே பேச்சுதான் பேசுவோம். ஒண்ணை நிறுத்தினாத்தான் இன்னொண்ணு வேலை செய்யுதான்னு தெரியும். பின்வழியைப் பூட்டிடுங்க. நான், இவங்க, ஏன் நீங்களும், எல்லாரும் முன்வாசல் வழியாப் போவோம்."

"நானுமா?" முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்தினார். "புடவை போச்சுன்னா?"

"என்னைக் கேளுங்க. அவங்களைக் கேக்கக்கூடாது."

"எல்லார் எதிர்லயும் சொல்றே."

"அதுக்குத்தாங்கய்யா சொல்றேன்."

ஆடித் தள்ளுபடியின் முதல் நாள் நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தெருவே கடைக்குள் வந்துவிட்டது போலக் கூட்டம். பாண்டி பஜார் பக்கமிருந்து வந்த கூட்டமும் ஸ்டேஷன் பக்கமிருந்து வந்த கூட்டமும் வாசலில் இடித்துக்கொண்டன. நான் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். நான் நினைத்துப் பயந்தது நடந்தது. பில் போட்டு முடித்து, பையோடு கிளம்பிய ஒரு மாமி நடுவே போனதும் கம்பம் கத்தோ கத்தென்று கத்தியது. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"என்னடி இது அக்கிரமம்! எண்ணிக் காசு குடுத்துண்டு வரேன், என்னைத் திருடிங்கறதா இந்தக் கட்டை?"

வாட்ச்மேன் பையை நோக்கிக் கையை நீட்டினார். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்துவிட்டார். "யாரு வித்தது? அந்தப் பொண்ணைக் கூப்பிடு!" விற்றது செல்வி. அவள் புடவைக் குவியலுக்கு நடுவே உறைந்து போய் நின்றாள்.

மேனேஜர் எப்படி அந்தக் கூட்டத்தைக் கடந்து வந்தார் என்று தெரியாது. வாட்ச்மேன் கை பையைத் தொடுவதற்கு முன்பே வந்துவிட்டார்.

"எங்க தப்பு மாமி. டேக்கை வெட்டாம குடுத்துட்டோம். மன்னிச்சுக்கோங்க." சொல்லிவிட்டுத்தான் பையைப் பார்த்தார். அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பில் இருந்தது. இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். "வெயில்ல வந்திருக்கீங்க. உக்காந்து ஒரு மோர் சாப்பிட்டுட்டுப் போங்க."

"மோரெல்லாம் வேண்டாம்" என்றார் மாமி. ஆனால் உட்கார்ந்தார். "ஊரெல்லாம் கேக்கறாப்பல கத்தறது. கொஞ்சம் மெதுவாக் கத்தப்படாதோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு அது ஒரு வேடிக்கையாகிப் போனது. முதலாளி இன்னும் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் அவரிடம் போய், எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார். "பில் சரியா இருக்குங்கய்யா. பில் போடற இடத்துல ஒரே கத்தரிக்கோல், நாலு கை. இன்னும் ரெண்டு வாங்கணும். விக்கறவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

முதலாளி செல்வியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், கல்லாவில் உட்கார்ந்தார். "கத்தரிக்கோல் வாங்கிக்கோ" என்றார்.

அந்த "எங்க தப்பு" என்ற வார்த்தையை அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். கம்பம் கத்தினால் பையைத் தொடுவதற்கு முன் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தும் இருந்தார். வாட்ச்மேன் மறந்துவிட்டார். அவர் மறக்கவில்லை. இன்றும் உங்களில் யார் ஒரு வாசலில் கம்பம் நிறுத்தினாலும், அது கத்தும்போது அங்கே நிற்கும் ஆள் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் இளைத்தது. பெண்கள் வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துப் படியை நோக்கிப் போனார்கள். மேனேஜர் படிக்கட்டில் நின்றுகொண்டு கேட்டார்.

"எங்க போறீங்க?"

"துன்றதுக்குக்கா" என்றாள் செல்வி.

"வெளிய போகணும்னு யாருக்கும் தோணலையா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்விதான் திரும்பினாள். முன்வாசலை நோக்கி நடந்தாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால். கம்பத்துக்கு இரண்டடி முன்னால் அவள் நின்றுவிட்டாள். தன்னை அறியாமல் பையின் ஜிப்பைத் திறந்தாள். இரண்டு கைகளும் தோளுக்கு மேலே பாதி எழும்பின. எதிரே யாரும் இல்லை. தெருதான் இருந்தது.

இந்தப் பெண்களின் புடவைத் தலைப்பு எதிலாவது ஓர் அட்டை மாட்டிக்கொண்டிருந்தால்? அதுவரை கூப்பிடாத எல்லாக் கடவுள்களையும் அந்த நேரத்தில் கூப்பிட்டேன்.

அவள் கையை இறக்கினாள். நடந்தாள். கம்பம் கத்தவில்லை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். வெயிலில் போய் நின்றார்கள். எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. செல்வி மட்டும் திரும்பி உள்ளே வந்தாள். ஏதோ மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வந்தவள் அப்படியே திரும்பி மறுபடியும் வெளியே போனாள்.

வாட்ச்மேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா இது? இன்னாத்துக்கும்மா போய்க்கினு வந்துக்கினு கீறே?"

"சும்மாதான்" என்றாள் செல்வி. மூன்றாவது தடவையும் உள்ளே வந்தாள்.